மாதா மாதம் கட்டினோம், கணக்குக் கேட்டோமா?

(வடசென்னைப் புறநகரில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் மார்க்க விளக்கம் சொல்ல வரவில்லை. அரசியலும் பேசப்போவதில்லை. லிஃப்ட்டைப் பற்றிப் பேசப்போகிறேன். மொட்டை மாடி ஒழுகல், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், மாதா மாதம் நீங்கள் கட்டும் மெயின்டனன்ஸ் பணம், இவற்றைப் பற்றிப் பேசப்போகிறேன். சிலர் சிரிக்கிறீர்கள். 'ஹஜ்ரத்துக்கு எதற்கு இந்த வேலை' என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பதும் காதில் விழுகிறது. குளிப்பாட்டிக் கஃபனிட்ட ஒரு மய்யித்தை ஜமுக்காளத்தில் வைத்து, இருட்டான படிக்கட்டில் நான்கு மாடி இறக்கிய அன்றுதான் எனக்கும் இது பேசவேண்டிய விஷயமாகத் தெரிந்தது. அதுவரை நானும் உங்களைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தவன்தான்.

நான் குடியிருக்கும் கட்டடத்தைச் சொல்கிறேன். கீழே வண்டி நிறுத்துமிடம். மேலே நான்கு தளங்கள். தளத்துக்கு 9 வீடு, ஆக மொத்தம் 36 வீடுகள். 2017ல் முன்பணம் கொடுத்தோம், 2019 ஜூனில் சாவி வாங்கினோம். மனைவியின் நகையை விற்றவர், ஊரில் இருந்த பூர்வீக வீட்டை விற்றவர், பத்தாண்டு வளைகுடாவில் வெயிலில் நின்றவர், இப்படித்தான் அங்கே ஒவ்வொரு கதவுக்குப் பின்னும் ஒரு கதை இருக்கிறது. கட்டிக் கொடுத்தவர் நம்மவர். அதனால் என்ன ஆனது தெரியுமா? யாரும் எதையும் எழுத்தில் கேட்கவில்லை. 'நம்ம ஆள்தானே, நாளைக்குப் பள்ளிவாசலில் முகம் பார்க்கவேண்டாமா' என்று சொல்லியே கையெழுத்துப் போட்டோம். வேறு ஒருவர் கட்டிய கட்டடமாக இருந்திருந்தால் வக்கீலை அழைத்துக்கொண்டு போயிருப்போம். வெளியே பல தெருக்களில் நம் பெயரைக் கேட்டதும் வீடு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த வலியோடு வருகிறவன், கிடைத்த இடத்தில் கேள்வி கேட்கத் தயங்குகிறான். இதைப் புரிந்துகொண்டு தொழில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

சாவி கொடுக்கும்போதே சதுர அடிக்கு 50 ரூபாய் வீதம் கார்பஸ் ஃபண்ட் என்று ஒரு தொகை வாங்கினார்கள். கட்டடத்தின் பெரிய செலவுகளுக்காகப் போட்டுவைக்கும் பொது நிதி அது. வீடு ஒன்று சராசரி 900 சதுர அடி. கணக்குப் போடுங்கள் வணிகப் பெருமக்களே, உங்களுக்குத்தான் கால்குலேட்டர் தேவையில்லையே! 16,20,000 ரூபாய். அது தவிர, மாதம் சதுர அடிக்கு இரண்டரை ரூபாய் மெயின்டனன்ஸ். வீட்டுக்கு 2,250. நிர்வாகத்தை நடத்தியது கட்டியவரின் உறவினர் தொடங்கிய ஒரு சிறு நிறுவனம். ஒரு மேனேஜர், ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு செல்போன், அவ்வளவுதான் அந்த நிறுவனம். நிதி எந்த வங்கியில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. (அதை வங்கியில் போட்டால் வரும் வட்டியை என்ன செய்வது என்று மட்டும் மணிக்கணக்காகப் பேசினோம். பணமே இருக்கிறதா என்று பார்க்காமல் வட்டியைப் பற்றிப் பேசிய கூட்டம் அது.)

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையும் புறநகரும் மூழ்கியதை நீங்கள் அனைவரும் அனுபவித்தீர்கள். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இறங்கி நிற்கும் பள்ளத்தில் வெள்ளம் நிறைந்தது. லிஃப்ட் நின்றது. ரிப்பேருக்கு 2,80,000 ரூபாய் ஆகும் என்றார்கள். வீட்டுக்கு சுமார் 7,800 ரூபாய் கொடுங்கள் என்று மேனேஜர் நோட்டீஸ் ஒட்டினார். கார்பஸ் ஃபண்ட் எங்கே என்று சிலர் கேட்டோம். 'முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் ஹஜ்ரத்' என்றார். டிசம்பர் போனது, ஜனவரி போனது.

அதற்குள் எங்களுக்குள்ளேயே சண்டை. முதல் தளத்து 9 வீட்டாரும், 'நாங்கள் லிஃப்ட்டில் ஏறுவதே இல்லை, நாங்கள் ஏன் தரவேண்டும்?' என்றார்கள். நான்காம் தளத்தார், 'அப்படியானால் கீழே இருக்கிற சம்ப் மோட்டாருக்கு நாங்கள் ஏன் தரவேண்டும்?' என்றார்கள். 'மொட்டை மாடி ஒழுகினால் உங்கள் வீட்டுக்கூரை, எங்களுக்கென்ன?' என்று கீழிருந்து பதில் போனது. கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பயணம் செய்தவர்களைப் பற்றிய நபிமொழி நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். கீழே இருப்பவன் துளையிட்டால் மேலே இருப்பவனும்தான் மூழ்குவான். மிம்பரில் பலமுறை அதைச் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுப் படிக்கட்டில் அது நடந்தபோது என் நாக்கு எழவில்லை. ஏனென்றால் நானும் இரண்டாம் தளம். எனக்கும் அந்த 7,800 கனமாகத்தான் இருந்தது.

நான்காம் தளத்தில் ஒரு பெரியவர் இருந்தார். 1985ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது கடையை இழந்து, மறுபடி ஒரு தள்ளுவண்டியில் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து நிமிர்ந்தவர். முட்டி தேய்ந்துபோய், பிடித்துக்கொண்டுதான் நடப்பார். லிஃப்ட் இருந்தவரை ஐந்து வேளையும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார். லிஃப்ட் நின்றதிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. 2024 ரமளான் முழுக்க, எதிரே இருக்கும் பள்ளியின் தராவீஹை ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் எனக்குப் போன் செய்வார். வேறெதுவும் கேட்கமாட்டார். 'லிஃப்ட் ரெடியாச்சா ஹஜ்ரத்?' அவ்வளவுதான். நான் 'இன்ஷா அல்லாஹ், இந்த வாரம்' என்பேன். இன்ஷா அல்லாஹ் என்ற சொல்லை எதற்குப் பயன்படுத்தியிருக்கிறேன் பாருங்கள்!

ஏப்ரல் கடைசியில், நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு வாரத்தில், அவர் மவுத்தானார். சந்தூக் வந்தது. இரண்டாம் தளத்துத் திருப்பத்தில் அது திரும்பவில்லை. ஏன்? படிக்கட்டின் அகலம் குறைவு என்பது ஒரு காரணம். திருப்பத்தில் ஒரு பழைய ஃபிரிட்ஜ், இரண்டு செருப்பு அலமாரி, ஒரு காலி கேஸ் சிலிண்டர் இருந்தன என்பது மற்றொரு காரணம். விளக்கும் எரியவில்லை. அந்த ஃபிரிட்ஜ் பில்டருடையதல்ல, சகோதரர்களே. சந்தூக்கைக் கீழேயே வைத்துவிட்டு, மய்யித்தை ஜமுக்காளத்தில் வைத்து, செல்போன் விளக்கில் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். அந்தப் பெரியவரின் மகன் ஒரு மாதம்கூடப் பாக்கி வைக்காமல் மெயின்டனன்ஸ் கட்டிவந்தவர். அன்று அவர் யாரிடமும் ஒரு சொல் கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் நான் அந்த மேனேஜரிடம் போனேன். உள்ளபடியே கோபத்தோடுதான் போனேன். 'மாதம் 81,000 ரூபாய் வருகிறது, எங்கே போகிறது?' என்று கேட்டேன். அவர் ஒரு நோட்டை எடுத்து என் முன் போட்டார். காவலாளி சம்பளம் 14,000. துப்புரவு 8,000. பொது மின்கட்டணம் சராசரி 15,000. லிஃப்ட் ஒப்பந்தம் ஆண்டுக்கு 45,000, மாதத்துக்கு 3,750. டேங்கர் தண்ணீர் 20,000. கூட்டினால் 60,750. 'மீதி 20,250 எங்கே?' என்றேன், குரலை உயர்த்தி. அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். கட்டாத வீடுகள் ஒன்பது. ஒன்பதை 2,250ஆல் பெருக்குங்கள்!

திருடனைப் பிடிக்கப் போனவன் நான். என் கையில் சிக்கியது எங்கள் ஆட்களின் பட்டியல். அந்த ஒன்பதில் நான்கு, வெளிநாட்டில் இருக்கும் சகோதரர்கள் பூட்டிவைத்த வீடுகள். இரண்டு, வாடகைக்கு விட்டவை. வீட்டுக்காரர் வாடகைக்காரரைக் காட்டுகிறார், வாடகைக்காரர் வீட்டுக்காரரைக் காட்டுகிறார். ஒன்று, வியாபாரி ஒருவர் கோடவுனாக வைத்திருந்தது. மற்ற இரண்டு வீட்டாரும் அங்கேயே குடியிருப்பவர்கள், வசதியுள்ளவர்கள், ஒருவர் ஜும்ஆவில் முன்வரிசையை விட்டு நகராதவர். யாரென்று சொல்லமாட்டேன். இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம்!

ஆனால் கார்பஸ் ஃபண்ட் 16,20,000க்கு அந்த நோட்டில் ஒரு வரிகூட இல்லை. இதையும் சொல்லவேண்டும். நம் பக்கம் குறை இருக்கிறது என்பதற்காக அவர் பக்கத்துக் குறை மறைந்துபோகாது. இரண்டையும் ஒன்றோடொன்று கழித்துச் சமன் செய்யும் கணக்கு நியாயத்தில் இல்லை. அமானிதமாக வாங்கிய பணத்தை, கொடுத்தவன் கேட்காவிட்டாலும் காட்டவேண்டிய கடமை வாங்கியவனுக்கு உண்டு.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். இளைஞர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

2016ல் மத்திய அரசு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டுவந்தது. ரெரா என்று சொல்கிறார்கள். எட்டு வீடுகளுக்கு மேல் அல்லது 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம் கொண்ட புதுத் திட்டங்களுக்கு இது பொருந்தும். இதன்படி, பெரும்பான்மை வீடுகளுக்கு முன்பதிவு முடிந்த மூன்று மாதத்துக்குள் வீட்டு உரிமையாளர் சங்கம் அமைய வழிசெய்வது பில்டரின் கடமை. சங்கம் பொறுப்பேற்கும்வரை அத்தியாவசிய வசதிகளை நியாயமான கட்டணத்தில் பராமரிப்பதும் அவர் கடமை. பொது இடங்களைச் சங்கத்தின் பெயருக்கு மாற்றிக்கொடுக்கவேண்டும். வரைபடங்களையும் பத்திரங்களையும் ஒப்படைக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானத்திலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து நீங்கள் அவரிடம் சொன்னால், முப்பது நாளுக்குள் அவர் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தரவேண்டும்.

ஐந்து ஆண்டு! எங்கள் மொட்டை மாடி 2020 மழையிலேயே ஒழுக ஆரம்பித்தது. எத்தனை முறை சொன்னோம் தெரியுமா? கல்யாண வீட்டில் பார்த்துச் சொன்னோம். பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னோம். அவரும் 'பார்த்துக்கலாம் பாய்' என்று தோளில் தட்டினார். ஒரு தாள் எழுதவில்லை. 2024 மே மாதம் நான் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தபோது, ஐந்து ஆண்டு முடிய ஏறத்தாழ ஒரு மாதம்தான் பாக்கி. அந்தப் பெரியவர் இறந்திராவிட்டால் அந்த ஒரு மாதமும் 'பார்த்துக்கலாம்' என்றே போயிருக்கும்.

கொடுக்கல் வாங்கலை எழுதிவைத்துக்கொள்ளுங்கள் என்ற கட்டளை நமக்குப் புதிதா? வணிகப் பெருமக்களே, கடையில் ஐம்பது ரூபாய் குறைந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு கல்லாவை மூன்றுமுறை எண்ணுகிறோம். மொத்த வியாபாரியிடம் பில் இல்லாமல் ஒரு பெட்டி இறக்குவோமா? அறுபது லட்சம் போட்ட வீட்டுக்கு மட்டும் 'வாய்ச்சொல் போதும்' என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தது?

அந்த மே மாதம் நாங்கள் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் ஞாயிறு அஸருக்குப் பிறகு வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டோம். ஆண்களும் பெண்களும் வந்தார்கள். எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு இந்துக்கள், ஒரு வீடு கிறித்தவர், அவர்களும் வந்தார்கள். வங்கியில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு இந்துச் சகோதரியைப் பொருளாளராகத் தேர்ந்தெடுத்தோம். 'நம்மில் ஒருவர் இருக்கவேண்டாமா?' என்று ஒருவர் என் காதில் சொன்னார். 'நம்மில் ஒருவரிடம் இருந்துதான் இந்த நிலைமை, பேசாமல் இருங்கள்' என்றேன். பிறகு அந்த அம்மா என்ன செய்தார் என்றால், முதல் வேலையாக மூன்று பேர் கையெழுத்தில் இரண்டு பேர் போட்டால்தான் பணம் எடுக்கமுடியும் என்று வங்கிக் கணக்கு தொடங்கினார். மாதம் ஐந்தாம் தேதிக்குள் வரவு செலவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கட்டாத வீட்டின் கதவு எண் மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அது அவர் வைத்த நிபந்தனை. எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாம் வேலை இளைஞர்களுக்கு. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நான்கு ஆண்டாகக் காலை வணக்கமும் பூப்படமும் மட்டுமே ஓடின. ஒரு பில், ஒரு ரசீது அதில் கிடையாது. கல்லூரியில் படிக்கும் இரண்டு பையன்கள் கீழிருந்து மொட்டை மாடிவரை ஒவ்வொரு விரிசலையும், ஒழுகலையும், வெளியே தெரியும் கம்பியையும் தேதியோடு படம் எடுத்தார்கள். 43 படங்கள். அவற்றை இணைத்து, எந்த வீடு, எந்தச் சுவர், எப்போதிலிருந்து என்று எழுதி, 25 வீட்டார் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு பில்டருக்கு அனுப்பினோம். ஐந்தாண்டுக் கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. கடிதத்தில் ஒரு வசைச்சொல் கிடையாது. எழுதத்தான் ஒருவர் ஆசைப்பட்டார், நான் அடித்துவிட்டேன்.

ஜூலையில் ஆட்கள் வந்தார்கள். மொட்டை மாடியில் பழைய தளத்தைப் பெயர்த்து, நீர்க்கசிவு தடுப்புப் பூச்சுப் போட்டு, புது ஓடு பதித்தார்கள். நான்கு ஆண்டு தோளில் தட்டியவர், ஒரு ஒப்புகை அட்டையைப் பார்த்ததும் கொத்தனாரை அனுப்பினார். கார்பஸ் ஃபண்டுக்கு மட்டும் 'தணிக்கையாளரிடம் இருக்கிறது' என்று பதில் வந்தது. அதற்காகத் தமிழ்நாடு ரெரா ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்; வாய்தா நடக்கிறது. முடிந்ததும் வந்து சொல்கிறேன்.

லிஃப்ட்டுக்கு வருகிறேன். அந்த ஒன்பது வீடுகளையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தோம், போனில் பேசினோம். துபையில் இருந்த சகோதரர் சொன்னார்: 'ஹஜ்ரத், ஐந்து வருஷமாகப் பணம் அனுப்பு என்று மெசேஜ் வருகிறது. கணக்கு ஒருநாளும் வந்ததில்லை. கணக்கை அனுப்புங்கள், பணம் அனுப்புகிறேன்.' பொருளாளர் அம்மா அன்றிரவே ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினார். மறுநாள் முழுப் பாக்கியும் வந்துவிட்டது. அவரைப் பார்த்து மற்ற மூன்று வெளிநாட்டு வீடுகளும் கட்டின. நாங்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று பட்டியல் போட்டவர்களில் பாதிப்பேர், ஏமாந்துவிடுவோமோ என்று பயந்தவர்கள். முதல் தளத்தாரும், முணுமுணுப்போடுதான், தந்தார்கள். ஜூன் கடைசியில் லிஃப்ட் ஓடியது. அடிப் பள்ளத்தில் தண்ணீர் இறைக்க ஒரு சிறு பம்பும் வைத்தோம். அப்போதுதான் மற்றொன்று தெரிந்தது. 1997ம் ஆண்டின் தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி மின் ஆய்வுத் துறையிடம் உரிமம் இருக்கவேண்டும். எங்கள் லிஃப்ட்டின் உரிமம் காலாவதியாகி இருந்தது. குழந்தைகளை அனுப்பிக்கொண்டிருந்தோம், அந்தப் பெட்டிக்குள்!

ஒன்றை விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் முன்பு நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஃபஜ்ர் முடித்து வருகிறேன். செப்டிக் டேங்க் மூடியைத் திறந்துவைத்து, இடுப்பில் கயிறு கட்டிய ஒரு வாலிபன் உள்ளே கால் வைக்கப் போகிறான். கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தவனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. 'லாரி கூப்பிடவில்லையா?' என்றால், 'ஃபண்ட் இல்லை ஹஜ்ரத், இவங்களுக்குப் பழக்கம்தான்' என்கிறார் மேனேஜர். பழக்கமாம்! விஷவாயுவுக்கு யாருடைய நுரையீரல் பழகியிருக்கிறது? மனிதனைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013ம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. இப்படி இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கவேண்டும் என்று 2014ல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதையே 30 லட்சமாக உயர்த்தியது. அந்தப் பையன் உள்ளே விழுந்திருந்தால், அவனைக் கூப்பிட்டவர் மேனேஜர், ஆனால் லாரிக்குப் பணம் தராதவர்கள் யார்? அன்று நான் தடுத்து நிறுத்தி, என் கையிலிருந்து கொடுத்து லாரி வரவழைத்தேன். அந்த இரண்டு பையன்களும் என்னைக் கோபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைய கூலி போய்விட்டதே! அவர்களுக்கும் கொடுத்தனுப்பியிருக்கவேண்டும் என்று பிறகுதான் தோன்றியது.

'நம் ஊரில்தான் இப்படி' என்று நினைக்காதீர்கள். லண்டனில் கென்சிங்டன் என்ற செல்வச் செழிப்பான பகுதியில் கிரென்ஃபெல் டவர் என்று 24 மாடிக் கட்டடம். குடியிருந்தவர்களில் பலர் எளிய மக்கள், புலம்பெயர்ந்தவர்கள், கணிசமானோர் முஸ்லிம்கள். மாநகராட்சிக்குச் சொந்தமான அந்த வீடுகளை நிர்வகித்தது ஒரு தனி அமைப்பு. பெயரிலேயே குடியிருப்பவர்கள் நிர்வகிக்கும் அமைப்பு என்று இருந்தது. ஆனால் குடியிருந்தவர்கள் தீப்பாதுகாப்பைப் பற்றி எழுதி எழுதி ஓய்ந்தார்கள். ஒரு பேரழிவு நடந்தால்தான் இந்த நிர்வாகத்தின் லட்சணம் வெளியே தெரியும் என்ற பொருளில் 2016 நவம்பரில் அங்கே ஒரு குழுவினர் எழுதியும் வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து, 2017 ஜூன் 14, நள்ளிரவு தாண்டி, நான்காம் தளத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் குளிர்பதனப் பெட்டியில் பிடித்த நெருப்பு, கட்டடத்தின் வெளிச்சுவரில் அழகுக்கும் குளிர்காப்புக்கும் ஒட்டியிருந்த எளிதில் எரியும் பலகைகளைப் பற்றிக்கொண்டு உச்சிவரை ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அது ரமளான் மாதம். ஸஹருக்காக விழித்திருந்தவர்கள் பலர் கதவைத் தட்டி அண்டை வீட்டாரை எழுப்பினார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

2024 செப்டம்பரில் வெளிவந்த இறுதி விசாரணை அறிக்கை, எரியும் பலகையைத் தயாரித்த நிறுவனங்கள் முதல் அரசாங்கம் வரை ஒருவரையும் விடவில்லை. நிர்வாக அமைப்பைப் பற்றி அது சொன்னதில் இரண்டு விஷயம் என் மனதில் நிற்கிறது. ஒன்று, புகார் சொன்னவர்களை அந்த அமைப்பு தொல்லை கொடுப்பவர்களாகப் பார்த்தது. மற்றொன்று, தானாக மூடிக்கொள்ளவேண்டிய வீட்டுக் கதவுகளின் பராமரிப்பு சரியாக இல்லை. கதவை மூடவைக்கும் ஒரு சிறிய கருவி, சகோதரர்களே! அது வேலை செய்கிறதா என்று யாரும் வரிசையாகப் போய்ப் பார்க்கவில்லை.

இதைப் படித்த அன்று மாலை எங்கள் படிக்கட்டில் ஏறிப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் போயிருந்தது. செருப்பு அலமாரி ஒன்று போயிருந்தது. சிலிண்டர் இருந்தது.

நம் சென்னையில் இதற்கு நேர்மாறான ஒன்றும் நடந்திருக்கிறது. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அறிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி, 24 வீடுகள், அப்படியே சரிந்தது. ஒரு உயிரும் போகவில்லை. விரிசலைக் கவனித்து, ஒருவருக்கொருவர் சொல்லி, எல்லோரும் வெளியேறிய பிறகு விழுந்தது. வீடு போனது, பாத்திரம் பண்டம் போனது, பிள்ளைகளின் புத்தகம் போனது. ஆட்கள் இருக்கிறார்கள். ஏழைகள் என்று நாம் சொல்லும் அந்த மக்கள் விரிசலைப் பார்த்தவுடன் வாய்திறந்தார்கள்.

சிலர் கேட்கிறார்கள், 'எங்கள் கட்டடம் பழையது, ரெரா எல்லாம் வருவதற்கு முன்பு கட்டியது, சங்கமும் இருக்கிறது, ஆனால் சங்கத்துத் தலைவரே பிரச்சினை, என்ன செய்வது?' நல்ல கேள்வி. 1975ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் என்றால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் எழுதிக் கேட்டால் சங்கத்தின் நடவடிக்கைகளைப் பதிவாளர் விசாரிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு போதும். எதிர்த்து எழுதினால் தெருவில் பார்க்கமாட்டார்களே என்ற பயம்தான் அந்த ஒரு பங்கைச் சேரவிடாமல் செய்கிறது. இப்போது 2022ம் ஆண்டின் அடுக்குமாடி உரிமையாளர் சட்டம் வேறு 2024 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்டவேண்டுமானால் எல்லோரும் ஒப்பவேண்டிய நிலை மாறி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் ஒப்புதல் போதும் என்று அதில் வந்திருக்கிறது. முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இளைஞர்கள் போய் இதை விளக்குங்கள்; விளங்காமல் அவர்களிடம் கையெழுத்து வாங்க வருகிறவர்களும் இருப்பார்கள். சேவைக்குறைபாடு என்று நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 5 லட்சம் வரையிலான மதிப்புக்குக் கட்டணமே இல்லை.

இன்னொருவர் கேட்டார், 'பாக்கி வைத்தவன் வீட்டுக்குத் தண்ணீரை நிறுத்தினால் என்ன?' வேண்டாம். அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தை இருக்கும், ஒரு நோயாளி இருப்பார். பராமரிப்புப் பங்கை உரிய நேரத்தில் கட்டுவது வீடு வாங்கியவரின் கடமை என்று அதே ரெரா சட்டம் சொல்கிறது. அதைக் காட்டி எழுத்தில் கேளுங்கள், வழக்குப் போடுங்கள். குழாயில் கை வைக்காதீர்கள்.

வியாபாரச் சகோதரர்களிடம் தனியாக ஒன்று. குடியிருப்பு வீட்டையும் வண்டி நிறுத்துமிடத்தையும் கோடவுன் ஆக்காதீர்கள். பிளாஸ்டிக், துணி, சென்ட் பாட்டில், அட்டைப்பெட்டி, இவற்றுக்கு மேலே நாற்பது குடும்பம் தூங்குகிறது. எங்கள் கட்டடத்து வியாபாரி பாக்கியைக் கட்டிவிட்டார். சரக்கை எடுக்க மூன்று மாதம் ஆனது. 'வேறு கோடவுனுக்கு வாடகை யார் தருவது?' என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன், கடை வாடகை ஏறிக் கிடக்கும் காலம். ஆனால் அந்த வாடகையை மேலே தூங்கும் பிள்ளைகள் தரமுடியாது என்றேன். எடுத்துவிட்டார். அல்லாஹ் அவருக்குப் பரக்கத் செய்வானாக.

வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு இதே இடத்தில் மறுபடி கூடுகிறோம். இங்குள்ள நான்கு கட்டடங்களிலிருந்தும் கட்டடத்துக்கு இரண்டு பேராவது வாருங்கள். விற்பனைப் பத்திரத்தின் நகல், பில்டரோடு போட்ட ஒப்பந்தம், கார்பஸ் ஃபண்ட் கட்டிய ரசீது, கடைசி மூன்று மாத மெயின்டனன்ஸ் ரசீது, லிஃப்ட் உரிமத்தின் படம், சாவி வாங்கிய தேதி, இவற்றைக் கொண்டுவாருங்கள். 2021க்குப் பிறகு சாவி வாங்கியவர்கள் முதலில் கைதூக்குங்கள், உங்கள் ஐந்தாண்டுக் கெடுவை அன்றே எண்ணிப்பார்த்துவிடலாம். ரசீது இல்லாதவர்களும் வாருங்கள். எங்கள் பொருளாளர் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். நோட்டு பென்சிலோடு வாருங்கள், அவர் மெதுவாகப் பேசமாட்டார்.